பிள்ளை பார்ப்பதும் ஒரு தொழிலே: லாச்சப்பலில் ஒரு கோடைகாலப் பாடம்

யூலை பிறந்துவிட்டால் பாரிஸ் மாநகரின் முகமே மாறிவிடுகிறது. பள்ளிக்கூடங்களின் கதவுகள் அடைபடுகின்றன. வசதி படைத்தோர் கடற்கரைகளை நாடிப் புறப்படுகின்றனர். லாச்சப்பலுக்கு மட்டும் விடுமுறை என்ற ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. ஃபோபூர் சென் தெனி வீதியில் வழமைபோலவே முருங்கைக்காய்ப் பெட்டிகள் இறங்குகின்றன. உணவகங்களின் சமையற்கட்டுகளில் எம்மவர் வழமைபோலவே வியர்வை சிந்துகின்றனர்.

அத்தகைய யூலை மாத மாலைப்பொழுதொன்றில், காய் வீதியிலுள்ள தேநீர்க் கடையொன்றில் நண்பர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். சமையல் வேலைக்கு இடையே கிடைத்த ஒரு மணி நேர ஓய்வில் ஓடி வந்திருந்தார். அவர் முகத்தில் கவலை தெரிந்தது.

“சேர், நீங்கள்தான் ஒருக்கால் அவளுக்குச் சொல்லவேணும். யூனிவேசிற்றியிலை இரண்டாம் வருசம் படிக்கிற பிள்ளை, லீவுக்கு ஆரோ வெள்ளைக்காரர் வீட்டிலை ஆயா வேலைக்குப் போகப்போறாளாம். இதுக்கோ நான் இருபது வருசமாய்க் கோப்பை கழுவினனான்?”

நாம் அவருக்குத் தலையசைத்தோம். உண்மையைச் சொல்வதானால், எமக்கும் அவர் பக்கமே நியாயமாகப்பட்டது. ஒரு காலத்தில் விரிவுரை மண்டபத்தில் நின்றவர்கள் நாம். கல்வியே எமது இனத்தின் மூலதனம் என்று நம்பி வளர்ந்தவர்கள். பட்டப்படிப்பு மாணவியொருத்தி பிறர் பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதா என்ற எண்ணம் எமக்குள்ளும் எழுந்தது. எனவே, அறிவுரை கூறும் நோக்கத்துடனேயே லூயி பிளாங் வீதியிலுள்ள அவர்கள் இல்லத்துக்குச் சென்றோம்.

சென்ற இடத்தில் பாடம் கேட்டுத் திரும்பியவர்கள் நாமே.

ஒரு சொல்லின் கனம்

நண்பரைப் புண்படுத்தியது வேலையைவிட, அந்த வேலைக்கு நாம் வைத்திருக்கும் பெயரே என்று தோன்றுகிறது. ‘ஆயா’ என்பது போர்த்துக்கேயர் வழியாக எமது கரைகளில் வந்திறங்கிய சொல். தமிழகத்தின் பல பகுதிகளில் அது பாட்டியைக் குறிக்கும். அங்கு அச்சொல்லில் பாசம் இருக்கிறது. எம்மிடத்திலோ அது பங்களாக்களின் பின்வாசலை நினைவூட்டுகிறது.

அப்பின்வாசலுக்கும் ஒரு வரலாறு உண்டு. வெள்ளைக்கார அதிகாரிகளின் குடும்பங்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறியபோது, வழிநெடுகப் பிள்ளைகளைப் பராமரிக்கவென்று ஆயாக்களையும் அழைத்துச் சென்றன. கப்பல் இங்கிலாந்தை அடைந்ததும், திரும்பிச் செல்ல வழியின்றிக் கைவிடப்பட்டோர் பலர். அவர்களுக்கெனவே லண்டனில் ஓர் இல்லம் இயங்கியது. 1900ஆம் ஆண்டு முதல் ஹக்னி பகுதியில், கிங் எட்வேட்ஸ் வீதியில் அது இருந்தது. அக்கட்டடத்தின் சுவரில் நினைவுப் பலகையொன்று பதிக்கப்பட்டது 2022ஆம் ஆண்டிலேதான். கடல் கடந்த ஒரு தொழிலாளர் கூட்டம் நினைவுகூரப்படுவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வரலாற்றைச் சொல்லி அந்தப் பெண்ணை மனம் மாற்றலாம் என்று எண்ணினோம். அவள் பொறுமையாகக் கேட்டாள். பின்னர் அறைக்குள் சென்று, சில தாள்களைக் கொண்டுவந்து எம் முன்னே வைத்தாள்.

“மாமா, அந்த ஆயாமாருக்கு இது இருக்கேல்லை. எனக்கு இருக்கு.”

அது ஓர் ஒப்பந்தப் பத்திரம். ஆறு வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம், மணித்தியாலச் சம்பளம், விடுமுறைக்குரிய பத்து வீதம், செய்ய வேண்டிய வேலைகள் என யாவும் வரி வரியாக எழுதப்பட்டிருந்தன. கீழே இரு தரப்பினரும் கையொப்பமிட்டிருந்தனர்.

இரண்டாம் இலக்க மெற்றோ

பிரான்ஸில் கோடை விடுமுறை ஏறக்குறைய எட்டு வாரம். உழைக்கும் பெற்றோருக்குச் சட்டம் தரும் சம்பளத்துடன்கூடிய விடுப்போ, 1982 முதல், ஆண்டு முழுமைக்கும் ஐந்து வாரம் மட்டுமே. இந்த இடைவெளியை யாராவது நிரப்பியாக வேண்டும். சில வீடுகளில் பாட்டன் பாட்டியர் நிரப்புகின்றனர். சில பிள்ளைகள் நகரசபையின் விடுமுறை நிலையங்களுக்குச் செல்கின்றனர். மற்றையோர் மாணவர்களை அமர்த்துகின்றனர். கோடைகாலத்தில் ‘நூனூ’ வேலை பிறப்பது இப்படித்தான்.

நண்பரின் மகள் சென்ற வீட்டிலும் அதுவே நிலை. நான்கு வயதில் ஒரு பையன், ஒன்றரை வயதில் ஒரு பெண்குழந்தை. வழமையாக அவர்களைப் பார்த்துக்கொள்பவர் ஐவரி கோஸ்ற் நாட்டுப் பெண்மணியொருவர். அவர் இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் தம் சொந்தப் பிள்ளைகளைக் காண ஊருக்குச் சென்றிருந்தார். அவர் விட்டுச்சென்ற ஆறு வாரங்களே எமது பெண்ணுக்குக் கிடைத்தன. பாரிஸ் பிள்ளையை அபிஜான் தாய் வளர்க்கிறாள். அபிஜானில் உள்ள அவளது பிள்ளையை வேறொருத்தி வளர்க்கிறாள். இந்தச் சங்கிலி எங்கே முடிகிறது என்று நாம் கேட்பதில்லை.

லாச்சப்பல் தரிப்பிடத்தில் இரண்டாம் இலக்க மெற்றோவில் ஏறினால் எட்டாவது தரிப்பு மொன்சோ. இடையில் இறங்கி மாற வேண்டியதில்லை. எமது தலைக்கு மேலே பாலத்தில் ஓடும் தொடருந்து, பார்பெஸ் தாண்டியதும் நிலத்தடிக்குள் இறங்குகிறது. மீண்டும் வெளியே வரும்போது வேறோர் உலகம். பொன்முலாம் பூசிய இரும்பு வாயில்கள், கல்மாளிகைகள், நடுவே மொன்சோ பூங்கா. எட்டுத் தரிப்புகளுக்குள் இரண்டு பாரிஸ்.

அப்பூங்காவின் வாங்குகளில் வாரநாட்களில் அமர்ந்திருப்போரைப் பார்த்தால் உலகப்படமே விரிந்ததுபோல் இருக்கும். மேற்காபிரிக்கர், பிலிப்பைன்ஸ் நாட்டவர், மொரிஷியஸ் தீவினர் எனப் பல தேசத்துப் பெண்கள். அவர்கள் முன்னே ஓடித்திரிபவை யாவும் பிறர் பிள்ளைகள். எமது மாணவியும் அங்கே போய் அமர்ந்தாள். முதல் வாரத்திலேயே அந்தப் பெண்கள் அவளுக்கு மூன்று விடயங்களைச் சொல்லிக் கொடுத்தார்களாம்: வேலை செய்த மணித்தியாலத்தை அன்றன்றே எழுதி வை, பெற்றோரிடம் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்காதே, பிள்ளை விழுந்தால் மறைக்காதே, உடனே சொல். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இதைவிடச் சுருக்கமாகத் தொழில் அறம் கற்பிக்கப்படுவதாக நாம் அறியோம்.

மூன்றாவது வாரத்தில் ஒரு சோதனை வந்தது. “குழந்தை தூங்குகிறதுதானே, எங்கள் உடுப்புகளுக்கும் கொஞ்சம் அயன் பிடித்துவிடுகிறாயா?” என்று வீட்டுக்கார அம்மையார் கேட்டார். எமது பெண் மரியாதை குறையாமல் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினாள். அதில் பிள்ளைகளின் உணவும் உடையும் விளையாட்டும் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. அம்மையார் ஒரு கணம் முகம் சிவந்தார். பின்னர் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சென்றார். அவர் கொடியவர் அல்லர். கேட்டால் செய்துவிடுவார்கள் என்று பழகியவர், அவ்வளவே.

அந்த வீட்டுப் பையனுக்கு அவள் தன்னை ‘அக்கா’ என்று கூப்பிடப் பழக்கியிருந்தாள். நான்காம் வாரத்தில் அவன் தன் தாயிடம், எங்கள் அக்கா எப்போது வருவாள் என்று கேட்டானாம். ‘அக்கா’ என்றால் பிரெஞ்சு மொழியில் வேலைக்காரி என்று பொருளா என அத்தாய் தயக்கத்துடன் விசாரித்தார். மூத்த சகோதரி என்று இவள் விளக்கினாள்.

வாயில்லாத பொம்மை

பிறர் பிள்ளை வளர்க்கும் வேலை பாரிஸுக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் மொர்வான் மலைநாட்டுத் தாய்மார் தம் கைக்குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டு, இந்நகரப் பிரபுக்களின் பிள்ளைகளுக்குப் பாலூட்ட வந்தனர். மறுபுறம், நகரத்து ஏழைகளின் சிசுக்கள் நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டு, கவனிப்பாரின்றி மடிந்தன. மருத்துவரான தெயோஃபில் ரூசெல் கொண்டுவந்த 1874 டிசெம்பர் 23ஆந் திகதிச் சட்டமே, கூலிக்கு வளர்க்கக் கொடுக்கப்படும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை முதன்முதலில் அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன்னரே, 1844இல், ஃபிர்மன் மார்போ என்பவர் ஷையோ பகுதியில் உழைக்கும் தாய்மாருக்காக முதலாவது ‘கிறெஷ்’ஷைத் திறந்திருந்தார்.

பின்னர் பிரித்தானி மாகாணத்துப் பெண்கள் வந்தனர். எம்மவர் கார் து நோர் நிலையத்தைச் சுற்றிக் குடியேறியதுபோல, அவர்கள் மொன்பார்நாஸ் நிலையத்தைச் சுற்றிக் குடியேறினர். அவர்களும் வேற்றுமொழி பேசியவர்களே. அவர்களது உச்சரிப்பும் உடையும் நகைப்புக்கு இடமாயின. 1905இல் சிறுமியருக்கான வார இதழொன்றில் பெக்காசின் என்ற பிரெத்தோன் வேலைக்காரி சித்திரக்கதை நாயகியாகத் தோன்றினாள். பின்னாளில் அவளே குழந்தை வளர்ப்பவளாகவும் வந்தாள். அவளது வட்டமுகத்தில் ஓவியர் கண்ணை வரைந்தார், மூக்கை வரைந்தார்; வாயை மட்டும் வரையவில்லை. ‘வாயில்லாப் பூச்சி’ என்று எமது ஊரில் சொல்வோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது.

வாயில்லாமற்போனால் விளைவு எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்கு எமது மண்ணிலேயே சான்று உண்டு. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் என்ற ஏழைச் சிறுமி, 2005ஆம் ஆண்டு சவூதி அரேபியாவுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்டாள். அவளுக்கு அப்போது 17 வயது. கடவுச்சீட்டிலோ 23 என்று எழுதப்பட்டிருந்தது. வீட்டு வேலைக்கென்று சென்றவளின் கையில் நான்கு மாதக் கைக்குழந்தை ஒப்படைக்கப்பட்டது. சில நாட்களிலேயே, பால் புகட்டும்போது குழந்தை மூச்சுத்திணறி இறந்ததாக அவள் கூறினாள். அவள் பேசிய தமிழைச் சரியாக மொழிபெயர்க்கத்தக்கவர் விசாரணையின்போது அங்கு இருக்கவில்லை. 2013 ஜனவரி 9ஆந் திகதி அவளுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. மெய்யான வயது, மெய்யான வேலை, புரியும் மொழியில் ஓர் ஒப்பந்தம் ஆகிய மூன்றும் வெறும் தாள்கள் என்று எண்ணுவோர் அந்தச் சிறுமியை ஒருகணம் நினைத்துப் பார்க்கட்டும்.

மகளின் கேள்வி

ஓகஸ்ட் நடுப்பகுதியில் அவளது ஆறு வாரங்கள் நிறைவுற்றன. நாம் மீண்டும் அவர்கள் இல்லம் சென்றிருந்தோம். சம்பளச் சீட்டை மேசையில் விரித்து வைத்து அவள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் அவளது தாயார் மூன்று குழந்தைகளை உறங்க வைத்துக்கொண்டிருந்தார். மூன்றும் அயலவர் பிள்ளைகள்.

“மாமா, ஒரு காலாண்டு ஓய்வூதியக் கணக்குக்குப் பதியிறதுக்கு 150 மணித்தியாலத்துக்கான ஸ்மிக் சம்பளம் போதும். நான் 240 மணித்தியாலம் வேலை செய்திருக்கிறன். எனக்கு ஒரு காலாண்டு வந்திட்டுது. அம்மா பன்னிரண்டு வருசமாய்ப் பிள்ளை பாக்கிறா. அவவுக்கு எத்தினை காலாண்டு?”

நாம் மறுமொழி சொல்லவில்லை. சொல்ல எம்மிடம் வாயும் இருக்கவில்லை.

ஏனெனில், அந்தத் தாயாரிடம் வளர்ந்த பிள்ளைகளில் எமது மகனும் ஒருவன். நாம் நள்ளிரவு வரை உணவகத்தில் வேலை செய்த காலம் அது. துணைவியார் விடியற்காலையில் விடுதி அறைகளைத் துப்புரவாக்கச் செல்வார். தூக்கம் கலையாத குழந்தையைப் போர்வையோடு தூக்கிச் சென்று அவர் கையில் கொடுப்போம். மூன்று ஆண்டுகள் அவ்வாறு கொடுத்தோம். மாத இறுதியில் ஒரு கடித உறையில் பணத்தை வைத்து, “அக்கா, குறை நினைக்காதையுங்கோ” என்று நீட்டுவோம். அவரும் எண்ணிப் பாராமல் வாங்குவார். எமது மகன் முதல் அடி எடுத்து வைத்தது அவர் வீட்டுத் தரையிலேதான். உரிமை, நீதி, உழைப்பு என்று பத்தி பத்தியாக எழுதிவந்த நாம், அந்த உறைக்குள் அவரது முதுமைக்கு ஒரு சதமும் இருக்கவில்லை என்பதை ஒருநாளும் எண்ணவில்லை. அதை உதவி என்று சொல்லிக்கொண்டோம். ஊர்ப்பழக்கம் என்று சொல்லிக்கொண்டோம்.

மகள் மொன்சோவில் செய்ததையே தாய் லாச்சப்பலில் செய்தார். ஒருத்திக்கு ஒப்பந்தம். மற்றவருக்கு உறை. மகளின் வேலை கௌரவக் குறைவு என்று பதறிய நண்பருக்கும் எமக்கும், மனைவியின், சகோதரியின் வேலை கண்ணில் படவே இல்லை.

செய்யக்கூடியது என்ன?

1977 மே 17ஆந் திகதிச் சட்டம், தன் வீட்டில் பிறர் பிள்ளைகளைப் பராமரிப்பவரை ‘அசிஸ்தாந்த் மத்தெர்னெல்’ என்ற பெயரில் தொழிலாளராக ஏற்றுக்கொண்டது. அதற்கு அனுமதிப்பத்திரம் தேவை. தடுப்பூசிக்கும் நிறை பார்ப்பதற்கும் எமது தாய்மார் செல்லும் பே.எம்.இ. நிலையமே அதற்கான ஆய்வைச் செய்கிறது. வீட்டின் பாதுகாப்பைப் பார்ப்பார்கள். பிரெஞ்சு மொழியில் உரையாட முடிகிறதா என்று பார்ப்பார்கள். மொத்தம் 120 மணி நேரப் பயிற்சி உண்டு. அதில் 80 மணி நேரத்தை முதற்குழந்தையை ஏற்பதற்கு முன்னரே முடிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் குழந்தை வளர்த்த ஒரு தாய்க்கு இதில் கடினமானது மொழி மட்டுமே.

பதிவு செய்தால் செலவு கூடும் என்று அஞ்சும் பெற்றோர் பலர். பெரும்பாலும் அது அறியாமையால் வரும் அச்சம். அனுமதி பெற்ற பராமரிப்பாளரிடம் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை விட்டால், குறித்த வரம்புகளுக்கு உட்பட்டு, சமூகக் காப்புக் கட்டணத்தையும் சம்பளத்தின் ஒரு பகுதியையும் குடும்பக் கொடுப்பனவு நிதியமான ‘காஃப்’ ஏற்றுக்கொள்கிறது. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு உதவி அதிகம். 2004ஆம் ஆண்டு முதல் இயங்கும் பஜாம்ப்ளுவா என்ற சேவையே சம்பளச் சீட்டையும் தயாரித்துக் கொடுக்கிறது. கையில் கொடுக்கும் பணத்துக்கோ எந்த உதவியும் கிடையாது. பிள்ளைக்கு ஒரு விபத்து நேர்ந்தால் இரு குடும்பங்களும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

விண்ணப்பம் செய்துவிட்டுக் காத்திருக்கும் எம்மவருக்கு இவ்வழி இலகுவானதன்று என்பதையும் மறைக்க முடியாது. புகலிடம் கோருவோர் உழைக்கும் உரிமையை 1991 செப்ரெம்பர் 26ஆந் திகதிச் சுற்றறிக்கை பறித்துக்கொண்டது. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒஃப்ப்ரா ஆறு மாதங்களுக்குள் முடிவு சொல்லாவிட்டால் வேலை அனுமதி கோரலாம். அகதி அந்தஸ்துக் கிடைத்தவருக்கு உழைக்கும் உரிமை முழுமையாக உண்டு. மாணவர் விசாவில் வந்தோர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். தத்தம் நிலையை அறியாமல் எவரும் தாளில் கையொப்பமிட வேண்டாம். பிறர் பெயரில் உள்ள அட்டையைக் காட்டியும் வேலைக்குச் செல்ல வேண்டாம்.

கோடை வேலைக்குச் செல்லும் எமது மாணவ மாணவியருக்கும் ஒரு சொல். வேலைக்கு முதல்நாளே ஒப்பந்தத்தைக் கேளுங்கள். வேலைகளின் பட்டியலைக் கேளுங்கள். சம்பளச் சீட்டைக் கிழித்தெறியாதீர்கள். இந்நாட்டில் அது நாற்பது ஆண்டுகள் கழித்தும் பேசும். பெற்றோரே, பிள்ளை பார்க்கச் செல்லும் மகளைத் தடுக்காதீர்கள். மகனையும் அனுப்புங்கள். ஓர் உயிரைக் காப்பாற்றி மாலையில் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை அவன் வேறெங்கும் கற்க மாட்டான்.

ஓகஸ்ட் இறுதியில் பஜோல் வீதியிலிருந்து மாணிக்க விநாயகர் தேரேறி லாச்சப்பல் வீதிகளில் உலா வந்தார். வீதியெங்கும் சிதறிய தேங்காய்களின் நடுவே நண்பரின் குடும்பத்தைக் கண்டோம். தாயாரின் கைப்பையில் ஒரு பெரிய உறை இருந்தது. பே.எம்.இ. நிலையத்தின் தகவல் கூட்டத்துக்குரிய தாள்கள் என்றாள் மகள். தான் கூடவே சென்று மொழிபெயர்க்கப்போவதாகவும் சொன்னாள்.

“இந்த வயசிலை எனக்கென்ன படிப்பு?” என்று தாயார் கூச்சத்துடன் சிரித்தார். நண்பர் எதுவும் பேசவில்லை. மனைவியின் கைப்பையைத் தாம் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்துக்குள் வழி விலக்கியபடி முன்னே நடந்தார்.

எமது மகன் அந்த அம்மாவிடம் ஓடிச்சென்று கையைப் பற்றிக்கொண்டான். நாம் அவருக்குத் தரவேண்டிய கடன் எத்தனை காலாண்டு என்று கணக்குப் பார்த்தபடியே தேருக்குப் பின்னால் நடந்தோம்.